வாரத்தில் ஒரு மாலை: கட்டாய ஓய்வுச் சோதனை ஒன்றின் ஆய்வு

வாரத்தில் ஒரு நாள் மாலை ஆறு மணிக்குப் பிறகு வேலையைத் தொடக் கூடாது என்று ஒரு நிறுவனம் தன் ஊழியர்களுக்கு உத்தரவு போட்டால், அவர்கள் மகிழ்ந்து போவார்கள் என்றுதான் நினைப்போம். பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பில் நடந்தது வேறு. ஓய்வு யாருக்குக் கொடுக்கப்பட்டதோ அவர்களே தயங்கினார்கள். ஒரு ராத்திரி ஓய்ந்திருந்து என்ன பயன், அந்த வேலையும் சேர்ந்து சனி ஞாயிறில்தானே வந்து விழும் என்று கேட்டார்கள். ஆண்டு மதிப்பீட்டில் பெயர் கெட்டுவிடுமோ என்ற பயமும் இருந்தது. அந்தத் தயக்கத்தை எப்படிக் கடந்தார்கள் என்பது, குடும்பத்துக்கும் பயணத்துக்கும் தன் உடம்புக்கும் நேரம் ஒதுக்க முடியாமல் தவிக்கிறவர்கள் விவரமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

பின்னணி

1963-ல் பாஸ்டன் நகரில் தொடங்கிய இந்த நிறுவனத்தின் வேலை, பெரிய கம்பெனிகளுக்கு வணிக ஆலோசனை சொல்வது. ஒரு குழு சில மாதங்கள் ஒரே வாடிக்கையாளருக்காக உழைக்கும். வேலை முடிந்ததும் கலைந்து, ஆளுக்கொரு புதிய குழுவில் சேரும். எந்த நேரம் அழைப்பு வந்தாலும் எடுப்பதுதான் தொழில் தர்மம் என்பது அங்கே எழுதப்படாத விதி.

ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர் லெஸ்லி பெர்லோவும் ஆய்வாளர் ஜெசிகா போர்ட்டரும் இந்த விதியைத்தான் சோதித்துப் பார்க்க முனைந்தார்கள். முடிவுகள் 2009 அக்டோபர் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் வெளிவந்தன. அதில் அவர்கள் தரும் ஒரு கணக்கு: கருத்துக் கேட்கப்பட்ட 1,000 தொழில்முறை ஊழியர்களில் 94 சதவீதம் பேர் வாரத்துக்கு 50 மணி நேரமோ அதற்கு மேலோ உழைக்கிறவர்கள். ஏறக்குறைய பாதிப்பேர் 65 மணியைத் தாண்டுகிறவர்கள். அலுவலகத்துக்கு வெளியே பிளாக்பெர்ரி போனைப் பார்த்துக்கொண்டே கழியும் 20 முதல் 25 மணி நேரம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

இது உடம்பைத் தொடுகிற விஷயமும்கூட. வாரம் 55 மணியோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் சுமார் 35 சதவீதமும், இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் அபாயம் சுமார் 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் கூட்டாக மதிப்பிட்டன.

நேரம் எங்கே போகிறது

வேலை அதிகம், ஆள் குறைவு, அதனால்தான் நேரம் இல்லை என்பது வழக்கமான விளக்கம். அதில் உண்மை உண்டு. ஆனால் பெர்லோ கண்டது அதற்கு அடியில் இருக்கும் வேறொரு சுழல்.

ஒருவர் இரவு ஒன்பது மணிக்கு ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் போடுகிறார். அனுப்பியவர், ஒன்பது மணிக்கு இவர் கிடைப்பார் என்று மனத்தில் குறித்துக்கொள்கிறார். அடுத்த முறை கேள்வி ஒன்பதரைக்கு வருகிறது. இவரும் ஒன்பதரைவரை போனைக் கையில் வைத்துக்கொள்ளப் பழகுகிறார். எப்படியும் ராத்திரி கிடைப்பார் என்று தெரிந்துவிட்டதால், பகலில் கேட்டு முடிக்க வேண்டியதைக்கூட யாரும் பகலில் கேட்பதில்லை. திட்டமிடல் தளர்கிறது, கடைசி நேரத் திருத்தம் கூடுகிறது, அதனால் உண்மையான ராத்திரி வேலையும் உண்டாகிவிடுகிறது. சில மாதத்தில் இதுவே இந்தத் தொழிலின் இயல்பு என்று எல்லோரும் நம்பத் தொடங்குகிறார்கள். சுழலை யாரும் திட்டமிட்டு உருவாக்கவில்லை. ஆனால் குழுவில் ஒவ்வொருவரும் அதற்குக் கொஞ்சம் தள்ளு கொடுத்திருக்கிறார்கள்.

தனிமனித உறுதி இங்கே தோற்பது இதனால்தான். ஒருவர் மட்டும் போனை அணைத்தால் சுழல் நிற்காது. அவருடைய பங்கு பக்கத்தில் இருப்பவர் தலையில் விழும், அல்லது அவர் பொறுப்பில்லாதவர் என்று பெயர் எடுப்பார். புத்தாண்டுத் தீர்மானங்கள் பிப்ரவரியைத் தாண்டாததற்கு மனவலிமை குறைவு என்று பழி சொல்வது அநியாயம். குழுவாகச் சேர்ந்து கட்டியதைக் குழுவாகத்தான் அவிழ்க்க முடியும்.

முதல் சோதனை: வாரத்தில் ஒரு முழு நாள்

தொடக்கத்தில் வைத்த விதி கடுமையானது. குழுவில் ஒவ்வொருவரும் வார நடுவில் ஒரு முழு நாள் வேலையிலிருந்து விலகியிருக்க வேண்டும். மின்னஞ்சல், தொலைபேசி எதுவும் கூடாது. அதாவது ஆளுக்கு 80 சதவீத வேலை. வாடிக்கையாளருக்குக் குறை வரக்கூடாது என்பதற்காகக் குழுவில் கூடுதலாக ஓர் ஆலோசகரைச் சேர்த்தார்கள்.

இது நிரந்தர ஏற்பாடாக நினைத்ததல்ல, வேண்டுமென்றே மிகையாக வைத்த சோதனை. நாள் முழுக்க ஒருவர் இல்லாமல் போனால் குழு உடைகிறதா என்று பார்க்க வேண்டும். உடையவில்லை என்றால், எப்போதும் கிடைத்தாக வேண்டும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை என்று தெரிந்துவிடும். குழு உடையவில்லை. ஒருவர் இல்லாத நாளில் அவர் வேலையை இன்னொருவர் பார்க்க வேண்டியிருந்ததால், யார் எதைச் செய்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியத் தொடங்கியது. முன்பெல்லாம் அவரவர் பகுதி அவரவர் தலைக்குள் மட்டும் இருந்தது.

ஆனால் ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் ஆளைக் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருக்க எந்த நிறுவனத்தாலும் ஆகாது. ஆகவே இரண்டாவது சோதனை.

இரண்டாவது சோதனை: ஒரு மாலை

ஆள் கூட்டவில்லை, வேலையையும் குறைக்கவில்லை. வாரத்தில் ஒரு மாலை, ஆறு மணிக்கு மேல், ஒவ்வொருவரும் முழுமையாக விலகியிருக்க வேண்டும். எந்த மாலை என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டு எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

வாரம் அறுபது மணி நேரம் உழைப்பவருக்கு ஒரு மாலை என்பது கடுகளவு. இருந்தும் அதன் பலன், அந்த மூன்று நான்கு மணி நேரத்தை மட்டும் வைத்துக் கணக்கிட முடியாத அளவுக்கு இருந்தது. காரணம் அந்த மாலையின் மூன்று குணங்கள். முன்பே தெரியும் என்பதால் அதை நம்பி வேறு ஏதாவது ஏற்றுக்கொள்ளலாம்: மகளின் நடன வகுப்பு, பல் மருத்துவர், நண்பரோடு சாப்பாடு. திடீரென்று கிடைக்கும் ஓய்வில் இவை எதுவும் நடக்காது. களைத்துப்போய்ப் படுப்பதுதான் நடக்கும். அடுத்து, அது கட்டாயம். விருப்பம் என்று விட்டிருந்தால், எடுத்தவர் சோம்பேறி, எடுக்காதவர் உழைப்பாளி என்ற பழைய தராசு மறுபடி வந்திருக்கும். மூன்றாவது, அது குழுவின் பொறுப்பு. ஒருவருடைய மாலை பறிபோனால் அது அவருடைய தனிப்பட்ட சிக்கலாகக் கருதப்படவில்லை; குழு தன் திட்டத்தில் எங்கே தவறியது என்று எல்லோரும் உட்கார்ந்து பேசினார்கள்.

வாரக் கூட்டம்

சோதனையில் பங்கேற்ற குழுக்கள் வாரம் ஒரு முறை கூடிப் பேசின. இந்தச் சோதனையைக் கேள்விப்பட்டுத் தங்கள் அலுவலகத்தில் முயல்கிறவர்கள் பெரும்பாலும் ஓய்வு மாலையை மட்டும் எடுத்துக்கொண்டு வாரக் கூட்டத்தை விட்டுவிடுவார்கள். விட்டுவிட்டால் ஏற்பாடு நீடிக்காது.

கூட்டத்தில் முதலில் நாள்காட்டி: போன வாரம் யாருடைய மாலை நடந்தது, யாருடையது நடக்கவில்லை, வரும் வாரம் எது ஆபத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு நான்கு கேள்விகளுக்கு ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டும். இப்போது எப்படி இருக்கிறீர்கள்? வாடிக்கையாளருக்கு எவ்வளவு பயன் தருவதாக நினைக்கிறீர்கள்? நீங்கள் கற்றுக்கொள்வதில் திருப்தி இருக்கிறதா? இதே முறையில் தொடர்ந்து உழைக்க உங்களால் முடியுமா?

நான்காவது கேள்வி எளிமையாகத் தெரியும். பதில் சொல்வது மிகக் கடினம். மேலாளர் முன்னால் முடியாது என்று சொல்ல எவருக்கும் கூசும். ஆனால் வாரா வாரம் எல்லோரிடமும் கேட்கப்படும்போது, அந்தக் கூச்சம் தேய்கிறது. முதலில் ஒருவர் சின்னதாக ஏதாவது சொல்வார்: யாரும் படிக்காத ஓர் அறிக்கைக்காக வாரம் நாலு மணி நேரம் போகிறது என்பது போல. அதை உடனே நிறுத்திக் காட்டினால், அடுத்த வாரம் பெரிய விஷயங்கள் வெளியே வரும். தேவையில்லாத வேலையைக் கண்டுபிடிக்கும் இடம் இந்தக் கூட்டமே. ஓய்வு மாலைக்கான நேரம் வேறு எங்கிருந்தும் வருவதில்லை. இங்கே வெட்டப்படும் வேலையிலிருந்துதான் வருகிறது.

பெர்லோவும் போர்ட்டரும் தங்கள் கட்டுரையில் நான்கு நிபந்தனைகளைத் தொகுத்தார்கள்: ஓய்வை விட்டுக்கொடுக்காத ஏற்பாடு, அதைப் பற்றிய வெளிப்படையான பேச்சு, வேலை முறையை மாற்றிப் பார்க்கும் துணிவு, மேலே இருப்பவர்களின் உறுதியான ஆதரவு. நான்கில் கடைசியை நான் முதலில் வைப்பேன். மேலாளரே தன் மாலையை எடுக்காமல் ஒன்பது மணிக்குக் கேள்வி அனுப்பிக்கொண்டிருந்தால், மற்ற மூன்றும் காகிதத்தில் நிற்கும்.

என்ன கிடைத்தது

ஆறு பேர் கொண்ட ஒரு குழுவில் தொடங்கியது, 2012 வாக்கில் 30 நாடுகளில் 900-க்கு மேற்பட்ட குழுக்களுக்குப் பரவியிருந்தது. பங்கேற்ற குழுக்களில் 51 சதவீதம் பேர் காலையில் ஆர்வத்தோடு வேலைக்குக் கிளம்புவதாகச் சொன்னார்கள். பங்கேற்காத குழுக்களில் 27 சதவீதம். வேலையில் திருப்தி 72-க்கு 49. வேலைக்கும் வாழ்க்கைக்கும் இடையிலான சமநிலையில் திருப்தி 54-க்கு 38. நீண்ட காலம் இங்கேயே இருக்கலாம் என்று நினைத்தவர்கள் கூடினார்கள். வாடிக்கையாளருக்குக் கிடைத்த வேலையின் தரமும் கூடியது என்பது ஆய்வாளர்களின் முடிவு.

இந்த எண்களை அளவோடுதான் படிக்க வேண்டும். பங்கேற்ற குழுவையும் பங்கேற்காத குழுவையும் ஒப்பிட்ட கணக்கு இது. நல்ல தலைவர் இருந்த குழு சோதனைக்கு முன்வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: சமநிலையில் திருப்தி என்றவர்கள் சோதனைக்குப் பிறகும் 54 சதவீதம்தான். ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஒரு மாலை போதவில்லை. தொடங்கும் இடமாக இது சரி. சேர வேண்டிய இடம் இதைவிடத் தள்ளி இருக்கிறது.

தள்ளி இருப்பது எப்படி இருக்கும் என்பதற்கு ஐஸ்லாந்தைப் பார்க்கலாம். ரெய்க்யவிக் நகராட்சியும் நாட்டின் அரசும் 2015 முதல் 2019 வரை நடத்திய முயற்சிகளில் சுமார் 2,500 ஊழியர்கள் சம்பளம் குறையாமல் 40 மணி வாரத்திலிருந்து 35 அல்லது 36 மணிக்கு மாறினார்கள். அங்கேயும் நேரம் கிடைத்த வழி இதே மாதிரிதான்: கூட்டங்களைச் சுருக்குவது, மின்னஞ்சலில் முடிவதற்குக் கூட்டம் போடாமல் இருப்பது, பிற்பகல் 3 மணிக்குப் பிறகு கூட்டமே வைக்காமல் இருப்பது, வேலைப் பங்கீட்டை மாற்றுவது.

ஆறு பேர் குழுவில் எப்படி அமைப்பது

குழுவில் ஆறு பேர் என்று வைத்துக்கொள்வோம். திங்களும் வெள்ளியும் வேண்டாம். திங்களன்று வாரத்தின் எதிர்பாராத வேலைகள் வந்து சேரும்; வெள்ளி மாலை ஏற்கெனவே இளகியிருப்பதால் அதை ஓய்வாகக் கணக்கு வைப்பது ஏமாற்று. செவ்வாய், புதன், வியாழன் மூன்றிலும் இரண்டிரண்டு பேர். ஒரே வேலையை அறிந்த இருவருக்கு ஒரே மாலை கொடுக்கக் கூடாது. ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்று ஆள். அந்த மாற்று ஆளின் ஓய்வு வேறு நாளில் இருக்க வேண்டும். மேலாளர் பெயரும் பட்டியலில் கட்டாயம்.

ஓய்வு நாளன்று ஐந்தரை மணிக்குள் நான்கு வரி ஹேண்ட்ஓவர் (வேலை ஒப்படைப்புக் குறிப்பு) எழுத வேண்டும்: முடிந்தது எது, நிற்பது எது, யார் எதைக் கேட்கக்கூடும், கோப்பு எங்கே இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு மேல் இது பிடித்தால், வேலை ஒரே தலைக்குள் அடைந்து கிடக்கிறது என்று பொருள். அதை வாரக் கூட்டத்தில் எடுக்க வேண்டும். மாற்று ஆளுக்கு எதுவரை தானே முடிவெடுக்கலாம் என்ற எல்லையும் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், எதற்கும் அவரைக் கேட்டுவிடுகிறேன் என்று போன் செய்துவிடுவார்.

அவசரம் என்றால் என்ன என்பதை முதல் நாளே எழுதிவைப்பது முக்கியம். மென்பொருள் குழுவுக்கு: வாடிக்கையாளரின் சேவை முழுதாக நின்றுபோவது, தரவு இழப்பு, அன்றிரவே முடியும் சட்டக் கெடு. இவ்வளவு போதும். அவசரம் என்றால் மேலாளர் மட்டும், தொலைபேசியில் மட்டும் அழைக்கலாம். வாட்ஸ்அப்பில் வருவது எதுவும் அவசரம் ஆகாது. அப்படி அழைத்துவிட்டால், பறிபோன மாலை அதே வாரத்தில் வேறு நாளில் திருப்பித் தரப்பட வேண்டும். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்பது கடனாகிச் சேர்ந்து ஒருநாள் ஒட்டுமொத்தமாகத் தள்ளுபடியாகிவிடும்.

வாரக் கூட்டத்துக்கு அரை மணி நேரம். பத்து நிமிடம் நாள்காட்டி, பத்து நிமிடம் நான்கு கேள்வி, பத்து நிமிடத்தில் அந்த வாரம் வெட்டப்போகும் ஒரே ஒரு வேலை. மேலாளர் கடைசியில் பேசுவது நல்லது. முதலில் பேசினால் மற்றவர்கள் அவர் பதிலையே திருப்பிச் சொல்வார்கள்.

சென்னையிலோ கோவையிலோ இருந்து அமெரிக்க வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் குழுவுக்கு ஆறு மணி என்ற கோடு பொருந்தாது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 9 மணி என்பது நமக்குக் கோடையில் மாலை 6.30, நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை 7.30. அவர்கள் வேலை நாள் தொடங்கும்போது நம் மாலை தொடங்குகிறது. இங்கே இரண்டு மாற்றம் தேவை. ஓய்வு மாலை உள்ளவர் அன்று கிளையன்ட் கால் எதிலும் இல்லை என்பது வாடிக்கையாளருக்கே முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும். பெயரோடு மாற்று ஆளைச் சொன்னால் பெரும்பாலும் எதிர்ப்பு வராது, ஆள் இல்லை என்று மட்டும் சொன்னால் வரும். இரண்டாவது, மாலை கால் உள்ள நாட்களில் காலை நேரத்தை அதே அளவு குறைக்க வேண்டும். காலை ஒன்பதரைக்கு அலுவலகத்துக்கு வந்துவிட்டு இரவு பத்துக்கும் கால் எடுப்பதுதான் இங்குள்ள உண்மையான சுமை. வாரத்தில் ஒரு மாலையை மட்டும் மீட்டு, மற்ற நாலு நாளையும் அப்படியே விட்டுவிட்டால் பயன் குறைவு.

எங்கே சறுக்கும்

மூன்றாம் அல்லது நான்காம் வாரத்தில் ஒரு பெரிய கெடு வரும். இந்த வாரம் மட்டும் மாலையைத் தள்ளிவைப்போம் என்று யாராவது சொல்வார். ஏற்பாடு நிற்பதும் விழுவதும் இங்கே தீர்மானமாகிறது. அழுத்தமான வாரத்தில் காப்பாற்றப்படும் மாலைதான், இது உண்மை என்று குழுவை நம்பவைக்கும்.

வேலை வார இறுதிக்கு நகர்வதும் அடிக்கடி நடக்கும். ஆலோசகர்கள் முதலில் பயந்ததும் இதைத்தான். கண்டுபிடிக்க எளிய வழி, ஒவ்வொருவரும் சனி ஞாயிறில் உழைத்த மணிகளை வாரக் கூட்டத்தில் சொல்வது. தொடர்ந்து இரண்டு வாரம் கூடினால் ஓய்வு கிடைக்கவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. வேலையை வெட்டியாக வேண்டும்.

சிலர் ஒளித்து உழைப்பார்கள். மாலை முழுக்கச் செய்து, மறுநாள் காலை ஆறு மணிக்கு அனுப்புவதாக நேரம் குறித்துவைப்பார்கள். இவர்களைக் கண்டிப்பது உதவாது. பெரும்பாலும் இவர்கள் புதிதாகச் சேர்ந்தவர்கள், பதவி உயர்வை எதிர்பார்ப்பவர்கள். மாலையை எடுத்தால் பெயர் கெடாது என்று மதிப்பீடு செய்பவரே நேரில் சொன்னால்தான் பயம் விலகும். இன்னொரு வகை, ஒரு துறைக்கு ஒரே நிபுணர் என்று குழு நம்பியிருக்கும் ஆள். அவருக்கு மாற்று ஆளைத் தயார் செய்ய ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். அதுவரை அவருடைய மாலையை இரவு 8 மணியிலிருந்தாவது தொடங்க வேண்டும், விட்டுவைக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்த மாலை

வேலையிலிருந்து மீட்ட நேரம் யாருக்குப் போய்ச் சேருகிறது? இந்தியாவின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். 2019 ஆய்வில் இது 299-க்கு 97. ஐந்து ஆண்டில் இடைவெளி அசையவே இல்லை. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அலுவலகம் ஒரு மாலையைக் கொடுத்தால், சமையலறை அதை எடுத்துக்கொள்ளும். மீட்ட நேரம் என்று அதைச் சொல்ல மனம் ஒப்பவில்லை.

அதனால் வீட்டிலும் அதே விதிகள்தான்: முன்கூட்டிய நாள், மாற்று ஆள், வாரப் பேச்சு. ஒருவருடைய மாலையன்று இரவுச் சாப்பாடு, பிள்ளைகளின் வீட்டுப்பாடம், மறுநாள் டிபன் பாக்ஸுக்கான ஏற்பாடு மூன்றும் மற்றவர் பொறுப்பு. மாவு எங்கே இருக்கிறது என்று போன் செய்து கேட்காத அளவுக்குப் பொறுப்பு. உதவி செய்கிறேன் என்பது போதாது, அன்றைக்கு அது அவர் வேலை. மாமியாரோ அம்மாவோ வீட்டில் இருந்தால் சுமையை அவர்கள் மேல் நகர்த்திவிட்டு இது சரியாகிவிட்டதாக நினைப்பதும் வேண்டாம். அவர்களுக்கும் ஒரு மாலை உண்டு.

குடும்ப மாலையும் தன் மாலையும் வேறு வேறு. இரண்டையும் ஒரே மூன்று மணி நேரத்தில் அடைத்தால் இரண்டும் கெடும். மாதத்தில் நான்கு மாலை என்றால் இரண்டு குடும்பத்துக்கு, இரண்டு தனக்கு என்று பிரிப்பது நடைமுறையில் நிற்கிறது. தனக்கான மாலையில் என்ன செய்வது என்பதற்கு ஜெர்மன் உளவியலாளர் சபீன் சொன்னென்டாக், சார்லட் ஃப்ரிட்ஸ் இருவரும் 2007-ல் வகுத்த நான்கு அம்சங்கள் உதவும்: வேலை நினைப்பிலிருந்து மனம் விலகுவது, உடலும் மனமும் தளர்வது, வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒன்றில் தேர்ச்சி பெறுவது, அந்த நேரத்தைத் தானே தீர்மானிப்பது. போனில் வீடியோ பார்த்துக் கழிக்கும் மாலை பெரும்பாலும் இவற்றில் ஒன்றைக்கூட முழுசாகத் தருவதில்லை. அலுவலகக் குரூப்பும் அதே போனில்தானே இருக்கிறது? பெர்லோ 1,600 மேலாளர்களிடமும் ஊழியர்களிடமும் கேட்டபோது 56 சதவீதம் பேர் தூங்கப் போவதற்கு முந்திய ஒரு மணி நேரத்தில் போனைப் பார்ப்பதாகச் சொன்னார்கள். அலுவலகச் செயலிகளை அந்த மாலைக்கு மட்டும் வெளியேற்றி வைப்பது, அறிவிப்பை நிறுத்துவதைவிடப் பலனளிக்கும். மறுபடி கடவுச்சொல் போட வேண்டிய சிரமமே போதுமான தடை.

பயணம்

பெர்லோவின் அதே கணக்கெடுப்பில் 51 சதவீதம் பேர் விடுமுறையில் இருக்கும்போதும் போனை இடைவிடாமல் பார்ப்பதாகச் சொன்னார்கள். இதற்குக் காரணம் திரும்பி வரும் நாளைப் பற்றிய பயம்: ஊருக்குப் போய்விட்டு வந்தால் அறுநூறு மின்னஞ்சல் காத்திருக்குமே என்பது. ஜெர்மனியின் டைம்லர் கார் நிறுவனம் 2014-ல் இதற்கு நேரான வழி கண்டது. விடுமுறையில் இருப்பவருக்கு வரும் மின்னஞ்சல் தானாக அழிந்துவிடும் வசதியை ஊழியர் தேர்ந்துகொள்ளலாம்; அனுப்பியவருக்கு, இது அழிக்கப்படுகிறது, அவசரம் என்றால் இன்னாரைக் கேளுங்கள் என்ற பதில் போகும். திரும்பி வருபவருக்குப் பெட்டி காலி. இந்த வசதி இல்லாத இடத்தில், தானியங்கிப் பதிலில் மாற்று ஆளின் பெயரையும், இந்தத் தேதிக்குப் பிறகு மறுபடி அனுப்புங்கள் என்ற வரியையும் சேர்த்தால் பாதி பலன் கிடைக்கும்.

எவ்வளவு நாள் போவது? நெதர்லாந்தில் ஜெசிகா டி ப்ளூமும் குழுவினரும் நீண்ட விடுமுறை எடுத்த ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், உடல்நலமும் மனநலமும் எட்டாம் நாளில் உச்சத்தைத் தொட்டன. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்துக்குள் பழைய நிலைக்கே வந்துவிட்டன. ஆண்டு முழுக்கச் சேர்த்துவைத்து ஒரே தடவை மூன்று வாரம் போவதைவிட, எட்டு ஒன்பது நாள் பயணம் ஒன்றும் மூன்று நாள் பயணங்கள் சிலவும் நல்லது என்று இதிலிருந்து கொள்ளலாம்.

ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. லீவுக்கு அனுமதி வாங்குவதற்கு அந்த 60 நாளே நல்ல கெடு: டிக்கெட் எடுக்கும் நாளிலேயே லீவு விண்ணப்பமும் போய்விட வேண்டும், மாற்று ஆளின் பெயரும் அதில் இருக்க வேண்டும். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு புதிய வேலை ஏற்பதை நிறுத்த வேண்டும். மூன்று நாள் முன்பு ஹேண்ட்ஓவர் எழுதி, கடைசி இரண்டு நாள் மாற்று ஆளே வேலையை நடத்த, போகிறவர் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். விடுபட்டது எது என்று அப்போதுதான் தெரியும். ஊருக்குக் கிளம்பும் ரயிலில் உட்கார்ந்து போனில் விளக்கம் சொல்ல நேர்வது இந்த இரண்டு நாளை விட்டதால்தான். திரும்பி வந்தபின் ஒரு நாள் வீட்டிலேயே இடைவெளி விட்டு, அடுத்த நாள் அலுவலகம்.

ஒப்புக்கொள்ளும் முன்

மாலை மீண்டாலும், புதிய ஒப்புதல்கள் அதை நிரப்பிவிடும். குடியிருப்புச் சங்கச் செயலாளர் பொறுப்பு, பள்ளி ஆண்டுவிழாக் குழு, முன்னாள் மாணவர் சங்கம். எல்லாம் நல்ல காரியங்கள். அதனால்தான் மறுப்பது கடினம். இரண்டு மாதம் கழித்து நிறைய நேரம் இருக்கும் என்று மனம் நம்புவதை ஆய்வாளர்கள் கால் சாபர்மன், ஜான் லிஞ்ச் இருவரும் 2005-ல் சோதனைகளில் காட்டினார்கள். பணத்தைவிட நேரத்தில் இந்த நம்பிக்கை அதிகம். வேலை பிடிக்கும் காலத்தையும் குறைத்தே எடைபோடுகிறோம்: ரோஜர் ப்யூலர் குழு கனடாவில் நடத்தி 1994-ல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் ஆய்வேட்டை முடிக்க 34 நாள் ஆகும் என்றார்கள், ஆனது 55 நாளுக்கு மேல்.

ஆகவே எதற்கும் உடனே தலையாட்டாமல் ஒரு நாள் கேட்டு வாங்கி, இது வரும் செவ்வாயே என்றால் ஒப்புக்கொள்வேனா என்று பார்க்க வேண்டும். செவ்வாய்க்கு முடியாது என்றால் இரண்டு மாதம் கழித்தும் முடியாது. ஒப்புக்கொள்வதானால் நாம் நினைக்கும் நேரத்தோடு பாதியைக் கூட்டி, அது எந்த நாளில் எந்த மணியில் உட்காரும் என்று நாள்காட்டியில் எழுதிப் பார்க்கலாம். இடம் இல்லையென்றால், ஏற்கெனவே உள்ள எதை விடுவது என்ற கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகே சரி என்று சொல்லலாம். ஏற்றுவிட்ட பொறுப்பிலிருந்து விலகும்போது, அடுத்தவர் பெயரும் ஒப்படைக்கும் தேதியும் சொல்லி விலகினால் உறவு கெடாது.

ஆலோசனை நிறுவனத்தில் ஒவ்வொரு புதிய வேலைக்கும் குழு புதிதாக அமைந்தது; போன குழுவில் இருந்த ஏற்பாடு தானாகத் தொடராது. எந்தக் குழுவுக்கும் இது பொருந்தும். புதிய ஆள் சேரும்போதும், மேலாளர் மாறும்போதும், வாடிக்கையாளர் மாறும்போதும், வேலைத் திட்டத்தைப் பேசும் முதல் கூட்டத்திலேயே யாருக்கு எந்த மாலை, யார் மாற்று ஆள் என்று பெயரோடு எழுதிய பிறகுதான் மற்ற கெடுக்களை நாள்காட்டியில் ஏற்ற வேண்டும்.